கெர்னலை எங்கே இறக்குவது?

கோலாலம்பூரிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளான் போகிறவர்கள் பெட்டாலிங் ஜெயாவில் சுங்கை வே தொழிற்பேட்டையைக் கடந்துதான் போகிறார்கள். 1971இல் மலேசியா சுதந்திர வாணிப வட்டாரச் சட்டத்தை இயற்றியபின் எழுந்த முதல் வட்டாரங்களில் இதுவும் ஒன்று. மோட்டோரோலா இங்கே சில்லுத் தொழிற்சாலை வைத்தது. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் புதுக்கிராமங்களிலிருந்தும் பாக்டரி பஸ் ஏறி வந்த மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் நுண்ணோக்கியில் கண்வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்க இழைகளைச் சில்லுகளில் பிணைத்தார்கள். 2004இல் மோட்டோரோலாவின் சில்லுப் பிரிவு ஃப்ரீஸ்கேல் என்று தனியாகப் பிரிந்தது. 2015 இறுதியில் அதை என்எக்ஸ்பி வாங்கியது. பெயர்ப்பலகைகள் மாறினாலும் சில்லுகளைப் பொதிந்து சோதித்து அனுப்பும் தொழில் சுங்கை வேயில் வேரூன்றிவிட்டது.

சோதனையில் தேறிய சில்லு ஒரு போர்டில் ஏறுகிறது. போர்டு ஒரு காரின் முகப்பிலோ, மருத்துவக் கருவியிலோ, தொழிற்சாலை இயந்திரத்திலோ போய் உட்காருகிறது. அங்கே மின்சாரம் ஏறியதும், லினக்ஸ் விழிப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்குவது பூட்லோடர். சிறு போர்டுகளில் மிகப் பரவலாக இருக்கும் பூட்லோடர் யூ-பூட். அது பிறந்ததும் மோட்டோரோலாவின் பவர்பிசி சில்லுக் குடும்பம் ஒன்றுக்காகத்தான். மாக்னஸ் டாம் எழுதிய ஒரு சிறு நிரலை அடித்தளமாக வைத்து, ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்காங் டெங்க் 2000ஆம் ஆண்டில் அதைத் திறந்த மூலத் திட்டமாக வளர்த்தார். 2002இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. சில்லைப் பொதிகிற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சில்லுக்குள் நடக்கும் முதல் சில நொடிகளின் கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்தக் கதையில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: எதை எந்த முகவரியில் இறக்குவது?

பூட்லோடர் மெமரி கார்டிலிருந்தோ வலையிலிருந்தோ குறைந்தது இரண்டு பொருள்களை எடுத்து வர வேண்டும். ஒன்று லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. மற்றொன்று டிவைஸ் ட்ரீ, அதாவது இந்தப் போர்டில் என்னென்ன வன்பொருள் எங்கெங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல். பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு தொடக்கக் கோப்புத் தொகுப்பும் வரும். மூன்றுக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். 2 ஜிபி நினைவகம் உள்ள போர்டில் 60, 70 எம்பிக்கு இடம் தேடுவது ஒரு பிரச்சினையா என்று தோன்றும்.

பிரச்சினைதான். ஏனென்றால், நினைவகத்தில் எந்த இடம் காலி என்று நினைவகத்துக்கே தெரியாது. ஒரு பைட்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண் யாருடையது, இன்னும் தேவையா, தொடலாமா என்ற குறிப்பு எதுவும் அதனுடன் இராது. முழுக்கச் சுழியாக இருக்கும் பகுதி யாரோ கவனமாகத் துடைத்து வைத்துக்கொண்ட பகுதியாக இருக்கலாம். குப்பையாகத் தெரியும் பகுதி உண்மையிலேயே குப்பையாக இருக்கலாம். நம் ஊரில் ரயில்பாதை ஓரத்தில் லாலாங் புல் மண்டிக் கிடக்கும் ரிசர்வ் நிலத்தைப் போன்றது இது: பார்வைக்கு வெற்றிடம், நில அலுவலகத்தின் வரைபடத்தைப் பிரித்தால்தான் அதற்கு உரிமையாளர் உண்டு என்று தெரியும். வரைபடத்தைப் பாராமல் வீடு கட்டினால், உடைக்கும் நாள் வரும்வரை எல்லாம் நன்றாகவே இருக்கும்.

ஒதுக்கி வைத்திருப்பவர்கள் யார்? என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ்8எம் மினி சில்லை எடுத்துக்கொள்வோம். இதில் நினைவகம் சுழியிலிருந்து தொடங்குவதில்லை. முதல் 1024 எம்பி முகவரிகள் சில்லின் உள் சாதனங்களுக்கும் மற்றவற்றுக்கும் போய்விடுகின்றன. 1024ஆம் எம்பியில் நினைவகம் தொடங்குகிறது. 2 ஜிபி பொருத்திய போர்டில் 3072இல் முடிகிறது. இந்த நீளத்தில் பூட்லோடர் வந்து சேரும் முன்பே குடியேறியவர்கள் இருக்கிறார்கள். விரல்ரேகை, சாவிகள் போன்ற இரகசியங்களைக் காக்கும் ஓபி-டீ என்ற பாதுகாப்பு மென்பொருள், 2 ஜிபி போர்டின் வழக்கமான அமைப்பில் 3040ஆம் எம்பியிலிருந்து மேல்முனைவரை உள்ள 32 எம்பியை எடுத்துக்கொள்கிறது. இதே சில்லில் நான்கு பெரிய உட்கருக்களோடு கார்டெக்ஸ் எம்4 என்ற சிறு உட்கருவும் இருக்கிறது. மோட்டாரையோ உணரியையோ நேரம் தவறாமல் கவனிக்க அது தனியாகவே ஓடும். அதற்கென என்எக்ஸ்பியின் மாதிரி அமைப்பு 2048ஆம் எம்பியில் 16 எம்பி ஒதுக்குகிறது. பெரிய உட்கருக்களும் சிறிய உட்கருவும் செய்தி பரிமாறிக்கொள்ளும் தாங்ககங்கள் 2944ஆம் எம்பியைச் சுற்றி இருக்கின்றன. இவை போதாதென்று பூட்லோடரே ஓர் ஒதுக்கீட்டாளர். யூ-பூட் எழுந்ததும் தன்னைத் தானே நகலெடுத்து நினைவகத்தின் மேல்முனைக்கு, ஓபி-டீக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. கீழ்ப்பகுதி முழுவதையும் கெர்னலுக்கு விட்டுக்கொடுக்கவே இந்த ஏற்பாடு.

இவர்களில் ஒருவர் மீது கெர்னலை இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பது யார் மீது என்பதைப் பொறுத்தது. ஓபி-டீயின் பகுதியை வன்பொருளே காவல் காக்கிறது. அங்கே எழுதப் போனால் செயலி அந்தக் கணமே பிழை எழுப்பி நின்றுவிடும். இது நல்ல தோல்வி, எங்கே தடுக்கியது என்று தெரிந்துவிடும். எம்4 பகுதிக்கு அப்படிப்பட்ட காவல், யாராவது தனியாக ஏற்பாடு செய்திருந்தால் ஒழிய, இருக்காது. எழுதப்பட்ட எழுத்து அப்படியே இறங்கும், பூட்லோடர் வெற்றி என்று அறிவிக்கும், லினக்ஸும் அழகாக எழும். ஆனால் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சிறு உட்கருவின் நிரல் நடுவில் கெட்டுப்போயிருக்கும். மோட்டார் ஏன் நின்றது என்று தேடுகிறவர் மின்கம்பியைத் தேடுவார், மின்சுற்றைத் தேடுவார். பூட்லோடரின் ஓர் எண்ணைத் தேட அவருக்கு மனம் வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். சத்தமில்லாத இந்தத் தோல்வியைத்தான் நாம் உண்மையில் அஞ்ச வேண்டும்.

இந்தச் சிக்கல் பழையது. 1981இன் ஐபிஎம் பிசியில் செயலியால் எட்ட முடிந்தது 1 எம்பிதான். அதில் 640 கேபிக்கு மேலே இருந்த 384 கேபி திரைக்கும் பயாஸுக்கும் விரிவாக்க அட்டைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. வட்டின் முதல் 512 பைட்டை பயாஸ் 31ஆம் கேபியில் இறக்கும். 32 கேபி நினைவகத்தைக் கணக்கில் வைத்து, அதன் கடைசி 1 கேபியில் பாதியை அந்த நிரலுக்கும் மறுபாதியை அதன் தரவுக்கும் அடுக்குக்கும் விட்டார்கள். கீழே பெரிய இடம் ஒரே துண்டாக இயங்குதளத்துக்குக் கிடைக்கும் என்பது திட்டம். பின்னாளில் நினைவகம் பெருகி, ஒதுக்கீடுகளும் கணினிக்குக் கணினி மாறத் தொடங்கியபோது, எது காலி எது ஒதுக்கியது என்று பயாஸிடமே கேட்டுப் பட்டியல் வாங்கும் ஈ820 என்ற அழைப்பு வந்தது. நிலையான எண்ணிலிருந்து கேட்டறியும் பட்டியலுக்கு மாறிய அந்த நகர்வைத்தான் சிறு போர்டுகளின் உலகமும் பின்னர் தன் வழியில் நடந்து கடந்தது.

அங்கே பட்டியலைத் தாங்குவது டிவைஸ் ட்ரீ. ஒதுக்கப்பட்ட நினைவகம் என்றே அதில் ஒரு கிளை உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்க முகவரி, நீளம், கூடவே சில நிபந்தனைகள் எழுதப்படும். நிபந்தனைகளில் முக்கியமானது, 'இந்தப் பகுதியைக் கெர்னல் தன் முகவரிப் பட்டியலில் சேர்க்கவே கூடாது' என்பது. எழுதாமல் இருந்தால் போதாதா, சேர்க்கவும் கூடாது என்று ஏன் கட்டாயம்? இன்றைய செயலிகள் அடுத்து எது தேவைப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே நினைவகத்தைப் படித்து வைத்துக்கொள்கின்றன. அந்த முகவரிப் பட்டியலில் சேர்ந்த பகுதி என்றால், நிரல் ஒரு வரிகூடக் கேட்காதபோதும் செயலி தன் ஊகத்தால் அங்கே கை நீட்டலாம். காவலுள்ள பகுதியில் அந்தக் கை பட்டால் இயந்திரமே விழும். அதுவும் எப்போதாவது, காரணம் பிடிபடாத நேரத்தில்.

பூட்லோடர் செய்ய வேண்டிய சோதனை இரண்டாம் படிவக் கணக்குதான். இறக்கப்போகும் பொருளின் தொடக்கம் ஒதுக்கிய பகுதியின் முடிவுக்குக் கீழே இருந்து, அதே சமயம் ஒதுக்கிய பகுதியின் தொடக்கம் இறக்கப்போகும் பொருளின் முடிவுக்குக் கீழே இருந்தால், இரண்டும் மோதுகின்றன. அவ்வளவே. முகவரியைப் பூட்லோடரே தேர்ந்தெடுக்க வேண்டுமானால், மேல்முனையிலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, மோதும் ஒவ்வொரு பகுதிக்கும் அடியில் மறுபடி முயன்று, எதனுடனும் மோதாத முதல் இடத்தில் நிற்கும். லினக்ஸின் பவர்பிசி பிரிவிலிருந்து யூ-பூட் எடுத்துக்கொண்ட எல்எம்பி என்ற சிறு நூலகம் இதைத்தான் செய்கிறது. இருக்கும் நினைவகம் ஒரு பட்டியல், ஒதுக்கியது மற்றொரு பட்டியல்.

இந்த எளிய கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முடிவைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டுகிறோம். 32 பிட் செயலியில் 4 ஜிபியைத் தாண்டிய கூட்டல் சுற்றிக்கொண்டு மறுபடி சுழிக்கு வந்துவிடும். உயரமான முகவரியில் தொடங்கும் ஒரு பெரிய கோப்பின் முடிவு கணக்கில் மிகச் சிறிய எண்ணாகக் காட்சி தரும். எதனுடனும் மோதவில்லை என்று சோதனை பச்சைக்கொடி காட்டும். கூட்டிப் பார்ப்பதற்குப் பதில், எல்லையிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, மிஞ்சிய இடத்தோடு நீளத்தை ஒப்பிட்டால் இந்தப் பள்ளம் இல்லை.

நீளம் என்றேன். எந்த நீளம்? இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள், ஆகவே சற்று நின்று பார்க்கலாம். கார்டில் கெர்னல் கோப்பு 38 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஓடத் தொடங்கியதும் அதற்கு 38 எம்பி போதாது. தொடக்க மதிப்பு சுழியாக இருக்கும் மாறிகளைக் கோப்பில் சேமிக்க அவசியமில்லை என்பதால் அவை கோப்பில் இல்லை. ஓடும்போது அவற்றுக்கு இடம் வேண்டும். அந்த இடம் கோப்பின் வாலை ஒட்டி அடுத்து வருகிறது. கெர்னல் எழுந்தவுடன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று அந்த இடத்தைச் சுழியால் நிரப்புவது. 64 பிட் ஆர்ம் கெர்னலின் முகப்பில் 64 பைட் நீளத் தலைப்பு உண்டு. ஓடுவதற்கு மொத்தம் எவ்வளவு இடம் வேண்டும் என்று கெர்னலே அதில் எழுதி வைக்கும் வழக்கம் 2014இல் வந்தது. கோப்பின் நீளத்தை நம்பாமல் இந்த எண்ணை நம்ப வேண்டும்.

நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐ.எம்எக்ஸ்8எம் மினியின் தொடக்ககால யூ-பூட் அமைப்பே நல்ல பாடம். கெர்னலுக்கு 1028.5ஆம் எம்பி, டிவைஸ் ட்ரீக்கு 1072, தொடக்கக் கோப்புத் தொகுப்புக்கு 1080 என்று எண்கள் அதில் நிலையாக எழுதப்பட்டிருந்தன. கெர்னலுக்கும் டிவைஸ் ட்ரீக்கும் நடுவே 43.5 எம்பி. எழுதப்பட்ட காலத்தில் தாராளமான இடைவெளி. ஆனால் கெர்னல் ஆண்டுக்கு ஆண்டு பெருக்கிறது. ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான இயக்கிகளை எல்லாம் உள்ளே கட்டிக்கொண்டால் இன்னும் வேகமாகப் பெருக்கிறது. நம் 38 எம்பிக் கோப்பு ஓடும்போது 45 எம்பி கேட்டால், இறக்கும் நேரத்தில் எந்த மோதலும் இல்லை. இரண்டு கோப்புகளும் முழுதாகப் பத்திரமாக இறங்குகின்றன. பூட்லோடர் கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் விடுகிறது. கெர்னல் தன் இடத்தைச் சுழியால் நிரப்புகிறது, அந்த நிரப்பலில் டிவைஸ் ட்ரீ அழிகிறது. கெர்னலைத் தொடங்குகிறேன் என்ற யூ-பூட்டின் கடைசி வரிக்குப் பிறகு திரையில் ஒன்றுமே வராது. எந்த முனையத்தில் எழுதுவது என்று சொல்லும் தகவலே அந்த அழிந்த டிவைஸ் ட்ரீயில்தான் இருந்தது.

யூ-பூட்டுக்கு இதைத் தவிர்க்கும் வழி தெரியும். கெர்னல் தலைப்பிலுள்ள எண்ணைப் படித்து அவ்வளவு இடத்தையும் ஒதுக்கிவிட்டு, டிவைஸ் ட்ரீயை வேறு பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடும். ஆனால் அந்த இடமாற்றத்தை நிறுத்தி வைக்கும் ஓர் அமைப்பு மாறியும் உண்டு. நான் மேலே சொன்ன அதே தொடக்ககால அமைப்பில் அது நிறுத்தியே வைக்கப்பட்டிருந்தது. போர்டுக்குப் போர்டு நகலெடுக்கப்பட்டு, ஏன் என்று யாரும் கேட்காமல் பயணம் செய்யும் வரி இது. புது போர்டுக்கு பூட்லோடர் அமைப்பவர்கள் முதலில் எடுத்தெறிய வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

1028.5 என்ற அரை எம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. 64 பிட் ஆர்ம் கெர்னல் 2 எம்பியால் வகுபடும் முகவரியை அடித்தளமாகக் கேட்கும். அதிலிருந்து அரை எம்பி தள்ளி உட்காருவது நெடுநாள் வழக்கம். 1028 இரண்டால் வகுபடும், அதோடு அரை. 2020இல் கெர்னல் அந்த அரை எம்பித் தள்ளலைக் கைவிட்டது. பழைய முகவரியிலேயே புதிய கெர்னலை இறக்கினால் யூ-பூட் அதை அடுத்த 2 எம்பி எல்லையான 1030க்கு நகர்த்திவிடும். யாரும் ஓர் எழுத்தையும் மாற்றாமலே 43.5 எம்பி இடைவெளி 42 ஆகச் சுருங்கிவிட்டது. கையால் எழுதிய எண்கள் இப்படித்தான் காலாவதியாகின்றன.

2018இல் இந்த விவகாரம் பாதுகாப்புப் பிரச்சினையாக வெளிச்சத்துக்கு வந்தது. யூ-பூட் வட்டிலிருந்தும் வலையிலிருந்தும் கோப்புகளை இறக்கும்போது எல்லை பார்ப்பதில்லை என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கையொப்பம் சரிபார்த்த பிறகே கெர்னலை ஓட்டும் போர்டாக இருந்தாலும், சரிபார்ப்பு நடப்பது கோப்பு இறங்கி முடிந்த பிறகு. கோப்பைத் தேவைக்கு மீறிப் பெரிதாகச் செய்து வைத்தால், அது இறங்க இறங்க மேலே ஏறி, மேல்முனையில் உட்கார்ந்திருக்கும் யூ-பூட்டின் நிரல் மீதே எழுதிவிடும். சரிபார்க்க வேண்டியவனையே மாற்றிவிட்ட பிறகு கையொப்பத்துக்கு என்ன மதிப்பு? 2019இல் திருத்தம் வந்தது. அதுவரை கெர்னலை ஓட்டும் கட்டத்தில் மட்டும் பார்க்கப்பட்ட ஒதுக்கீட்டுப் பட்டியல், கோப்பை இறக்கும் கட்டத்திலும் பார்க்கப்படத் தொடங்கியது. அப்போதும் ஒவ்வொரு கட்டளையும் பட்டியலைப் புதிதாகத் தயாரித்துப் பயன்படுத்திவிட்டு எறிந்துவந்தது. 2025 தொடக்கத்து வெளியீட்டில்தான் அது எல்லோருக்கும் பொதுவாக, தொடக்கம் முதல் இறுதிவரை நிலைத்திருக்கும் ஒரே பட்டியலாக ஆனது. மிகத் தாமதமான, மிகச் சரியான முடிவு.

இன்னும் ஒரு முடிச்சு மீதமிருக்கிறது. பட்டியல் டிவைஸ் ட்ரீயில் இருக்கிறது என்றோம். அந்த டிவைஸ் ட்ரீயையே முதலில் எங்காவது இறக்கினால்தானே படிக்க முடியும்? யூ-பூட் இதற்காகத் தன்னுடன் சொந்தமாக ஒரு டிவைஸ் ட்ரீயைச் சுமந்து வருகிறது. கெர்னலுக்குப் போவதோ பெரும்பாலும் கார்டிலிருந்து வரும் வேறொன்று. ஆக வரைபடங்கள் இரண்டு. இரண்டையும் எழுதுவது வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நாள்களில். ஒன்றில் சேர்த்த ஒதுக்கீட்டை மற்றொன்றில் சேர்க்க மறந்தால், பூட்லோடர் ஒழுங்காக ஒதுங்கிப்போன இடத்தில் கெர்னல் கால் வைக்கும், அல்லது நேர்மாறாக நடக்கும்.

ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலி வடிவமைப்பில் ஓடும் கணினிகளில் இந்த முடிச்சு இன்னும் இறுக்கமானது. அதற்கும் சுங்கை வேக்கும் ஒரு தொடர்பு உண்டு. சுங்கை வேயில் வன்வட்டுத் தொழிற்சாலை வைத்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல், 2019 இறுதிக்குள் அதை மூடப்போவதாக 2018இல் அறிவித்தது. ஏறத்தாழ அதே காலத்தில், ரிஸ்க்-ஃபைவ் செயலிகளில் கெர்னலுக்கும் அடியில் ஓடும் ஓபன்எஸ்பிஐ என்ற திறந்த மூல மென்பொருளை அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் வெளியிட்டார்கள். இது பொதுவாக நினைவகத்தின் மிகத் தொடக்கத்திலேயே குடியிருக்கும். அதனால் கெர்னல் வழக்கமாக 2 எம்பி தள்ளி இறங்கும். ஓபன்எஸ்பிஐ தன் இடத்துக்கு வன்பொருள் காவல் போட்டுவிட்டு, அந்த ஒதுக்கீட்டை டிவைஸ் ட்ரீயில் தானே எழுதி அடுத்தவருக்குக் கொடுக்கிறது. கொடுத்த டிவைஸ் ட்ரீயை வைத்துவிட்டு, யூ-பூட் கார்டிலிருந்து வேறொன்றை எடுத்துக் கெர்னலிடம் கொடுத்தால்? அதில் அந்தக் குறிப்பு இல்லை. கெர்னல் முதல் பகுதியையும் காலி என்று எண்ணித் தொடும், காவல் தடுக்கும், இயந்திரம் விழும். முதல் டிவைஸ் ட்ரீயிலுள்ள ஒதுக்கீடுகளை எல்லாம் இரண்டாவதில் நகலெடுக்கும் நிரல் ஒன்றை யூ-பூட்டில் இதற்காகவே சேர்த்தார்கள். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் ரிஸ்க்-ஃபைவ் வழியில் வந்தவையே. அவற்றில் லினக்ஸ் ஏற்ற முனையும் மாணவர்களும் இந்த முதல் 2 எம்பியைச் சந்தித்தாக வேண்டும்.

புது போர்டு கையில் கிடைத்தால் எங்கிருந்து தொடங்குவது? யூ-பூட்டின் போர்டு விவரக் கட்டளையை ஓட்டினால் நினைவகப் பட்டியலும் ஒதுக்கீட்டுப் பட்டியலும் திரையில் வரும். அதைத் தாளில் ஒரு நீள்கோடாக வரைந்து, கெர்னல், டிவைஸ் ட்ரீ, தொடக்கக் கோப்புத் தொகுப்பு மூன்றையும் அவற்றின் ஓடும் நீளத்தோடு அதன்மேல் குறிக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ 2 எம்பியைத் தாண்டக் கூடாது என்பது ஆர்ம் கெர்னலின் விதி, எனவே அதற்கு 2 எம்பி முழுதாக விடுவது நல்லது. சுருக்கிய கெர்னலாக இருந்தால், சுருக்கிய வடிவம் இறங்கும் இடமும் விரித்த வடிவம் போய் அமரும் இடமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. லினக்ஸ் எழுந்தபின் அதன் தொடக்கப் பதிவில் ஒதுக்கிய நினைவகம் பற்றிய வரிகளைத் தேட வேண்டும். டிவைஸ் ட்ரீயில் எழுதிய இரண்டு ஒதுக்கீடுகள் தமக்குள்ளேயே மோதினால் கெர்னல் அங்கே எச்சரிக்கை எழுதும். போர்டு எழுந்துவிட்டதே என்று அந்த வரியைக் கடந்து போகிறவர்கள் பலர். பதிவில் எச்சரிக்கை ஏதும் இல்லையென்றால், யூ-பூட் காட்டிய ஒதுக்கீடுகளையும் கெர்னல் காட்டும் ஒதுக்கீடுகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு தொடக்க முகவரியையும் ஒவ்வொரு நீளத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாத வரி கிடைத்தால், வேலை அங்கிருந்து தொடங்குகிறது.